ஏற்காட்டுல ராத்திரி நிறுத்தினா காலையில கிளம்பாத 800

கேள்வி | 9 நவம்பர் 2025

மாருதி 800, 1997 மாடல், கார்புரேட்டர் வண்டி. மாமா ஓட்டினது, இப்ப என்கிட்ட வந்திருக்கு. எனக்கு வீடு சேலம் அஸ்தம்பட்டி. ஏற்காட்டுல நாகலூர் பக்கம் மாமாவோட காபித் தோட்டத்து வீடு இருக்கு, சனி ஞாயிறு அங்க போயிடுவேன். சேலத்துல வண்டி ஒரு தொந்தரவும் பண்றதில்லை. மேல போய் ராத்திரி நிறுத்தினா காலையில ஸ்டார்ட் ஆகறதில்லை. செல்ஃப் நல்லாவே அடிக்குது. மெக்கானிக் ஏசி பம்ப் (டேங்குல இருந்து பெட்ரோல் இழுக்கற பம்ப்) போச்சுன்னு சொல்லி புதுசு போட்டார். அடுத்த வாரம் மேல போனேன், அதே கதை. ஒருத்தர் 20 சதம் எத்தனால் கலந்த இ20 பெட்ரோல்தான் காரணம்ங்கிறார். மலையில வேப்பர் லாக் ஆகும்னு ஃபிரெண்டு சொல்றான். இப்ப மெக்கானிக் கார்புரேட்டரையே மாத்திடலாம்ங்கிறார். எதை நம்பறது அண்ணா?

9 நவம்பர், இரவு 9.40

பெட்ரோலையும் காத்தையும் கலந்து இஞ்சினுக்கு விடற கார்புரேட்டரை மாத்தாதீங்க தம்பி. இப்போதைக்கு எதையுமே மாத்தாதீங்க. பெட்ரோல் எந்த இடம் வரைக்கும் வருது, எங்க நின்னு போகுதுன்னு முதல்ல பார்ப்போம்.

பழைய வண்டி கிளம்பலைன்னா உடனே பம்பைக் கழட்டறது நம்ம ஊர்ல ஒரு பழக்கம். பம்ப் இஞ்சின் மேலேயே ரெண்டு போல்ட்டுல நிக்குது, கை எட்டுது, கடையில ரெடியா கிடைக்குது. அதனாலேயே பழி அது மேல விழுது. டேங்குக்கும் பம்புக்கும் நடுவுல வண்டிக்கு அடியில ஓடுற பைப்பை யாரும் குனிஞ்சு பார்க்கறதில்லை.

இதைச் சொல்லுங்க முதல்ல. காலையில முதல் தடவை சாவி போடும்போது கொஞ்ச நேரமாவது ஓடிட்டு அணையுதா, இல்லை ஒரு தடவைகூடப் பிடிக்கறதே இல்லையா? தோட்டத்து வீட்டுல வண்டி மூக்கு மேட்டைப் பார்த்து நிக்குதா, பள்ளத்தைப் பார்த்தா? டேங்குல பெட்ரோல் எவ்வளவு? செல்ஃப் அடிச்சு ஓய்ஞ்ச பிறகு பிளக்கைக் கழட்டினா நனைஞ்சிருக்கா, காய்ஞ்சிருக்கா?

முதல் கேள்விக்கு நிதானமா யோசிச்சு பதில் சொல்லுங்க. மத்ததெல்லாம் அதுக்கு அப்புறம்தான்.

9 நவம்பர், இரவு 10.15

வேப்பர் லாக்னு சொன்ன ஃபிரெண்டுக்கு ஒரு வார்த்தை. நவம்பர் விடியக்காலையில நாகலூர்ல ஸ்வெட்டர் போட்டுக்கிட்டு நிக்கறோம். அங்க பெட்ரோல் எப்படிங்க கொதிக்கும்?

வேப்பர் லாக் சூடான இஞ்சினுக்கு வர்றது. அடிவாரத்துல இருந்து 20 கொண்டை ஊசி வளைவும் ரெண்டாவது கியர்ல ஏறி, ஏரிக்கிட்ட வண்டியை நிறுத்தி, டீ குடிச்சுட்டு வந்து சாவி போட்டா கிளம்பாது. அதான் வேப்பர் லாக். இஞ்சின் அணைஞ்சதும் ஃபேன் காத்தும் இல்லை, பம்ப் வழியா ஓடுற குளிர்ந்த பெட்ரோலும் இல்லை. இஞ்சின் சூடு முழுக்க பம்புல ஏறுது. பம்ப் உறிஞ்சற பக்கம் அழுத்தம் ஏற்கெனவே குறைவு. ஏற்காடு கிட்டத்தட்ட 1500 மீட்டர் உயரம்ங்கிறதால காத்தழுத்தமும் கடல் மட்டத்தைவிட சுமார் 15 சதம் குறைவு. இது மூணும் சேரும்போது பெட்ரோல் குழாய்க்குள்ளேயே ஆவியாகுது, பம்ப் ஆவியை அமுக்கிக்கிட்டே கிடக்குது. அரை மணி நேரம் ஆற விட்டா தானா சரியாயிடும். ராத்திரி முழுக்க ஆறின வண்டியில இதுக்கு வேலையே இல்லை.

எங்க அப்பாவோட பத்மினி கார் மே மாசத்துல மலைப்பாதையில 60 அடி பாலம் தாண்டினதும் திணற ஆரம்பிக்கும். பானட்டைத் திறந்து பம்ப் மேல ஈரத்துண்டு போட்டு, அது காயக் காயத் தண்ணி ஊத்தணும். எங்க வீட்டுல மனுஷங்க துவட்டின துண்டைவிட பத்மினி துவட்டின துண்டு அதிகம். அம்பாசடர்காரங்களுக்கும் இந்தக் கதை தெரியும். 800ல பம்புல இருந்து டேங்குக்குத் திரும்பிப் போற ரிட்டர்ன் லைன் இருக்கறதால ஆவி ஓரளவு வெளியேறிடும், இந்தத் தொல்லை குறைவு.

10 நவம்பர்

கேட்டவர் பதில் போட்டிருக்கார், அப்படியே தர்றேன்: "சோக் இழுத்து சாவி போட்டா முதல் தடவையே பிடிக்குது அண்ணா. ஒரு அரை நிமிஷம் ஓடும். அப்புறம் இழுத்துக்கிட்டே அணைஞ்சுடும். அதுக்கப்புறம் என்ன பண்ணாலும் பிடிக்காது. மூக்கு மேட்டைப் பார்த்துதான் நிக்கும், வீட்டு வாசலுக்குப் போற பாதையே ஏத்தம். பெட்ரோல் முள் கால் டேங்குக்குக் கீழ. பிளக் காய்ஞ்சிருந்துச்சு."

பாருங்க, "ஸ்டார்ட் ஆகறதில்லை"ன்னு எழுதினவர் வண்டி தினமும் ஸ்டார்ட் ஆகுது! ஆகிட்டு அணையுது. மெக்கானிக்கிட்டயும் ஸ்டார்ட் ஆகலைன்னுதான் சொல்லியிருப்பீங்க. அவர் சேலத்துல சமதரையில வண்டியைப் பார்த்துட்டு வேற என்னதான் முடிவு பண்ணுவார், பாவம்.

அந்த அரை நிமிஷத்துலயே பாதி விடை இருக்கு. கார்புரேட்டருக்குள்ள பெட்ரோல் தேங்கற சின்னக் கிண்ணம் ஒன்னு இருக்கு, ஃப்ளோட் சேம்பர்னு பேரு, அதுல நேத்து சாயங்காலம் தங்கின பெட்ரோல் இருக்கு. அதைக் குடிச்சு வண்டி ஓடுது. அது தீர்ந்ததும் புதுசு வந்து சேரலை. அப்படின்னா கார்புரேட்டர் வேலை செய்யுது, ஜெட்ங்கிற பெட்ரோல் துளையில அடைப்பு இல்லை, சோக் வேலை செய்யுது, கரண்ட் வருது, கம்ப்ரஷன் இருக்கு. இத்தனைக்கும் ஒரே அடியில் சர்ட்டிபிகேட் கிடைச்சாச்சு. கோளாறு கார்புரேட்டருக்கு பெட்ரோல் வர்ற வழியிலதான்.

கார்புரேட்டருக்குச் செலவு பண்ண வச்சிருந்த பணத்துல ஒரு தட்டுவடை செட் சாப்பிடுங்க, மீதி அப்படியே இருக்கட்டும்.

11 நவம்பர்

"நேரா காயில்தான், எனக்கும் இதே மாதிரி" அப்படின்னு ஒருத்தர், பிளக்குக்கு கரண்ட் தர்ற காயிலைச் சொல்றார். பிளக் காய்ஞ்சிருக்குன்னு அவர் எழுதினதைப் படிக்கலைன்னு நினைக்கறேன். கரண்ட் இல்லாம செல்ஃப் மட்டும் அடிச்சா உள்ளே போற பெட்ரோல் எரியாம பிளக் நனைஞ்சு நாறும். காய்ஞ்ச பிளக்னா பெட்ரோலே உள்ளே வரலை.

பிளக் கழட்டத் தெரியாதவங்களுக்கு இன்னும் சுலபமான வழி. ஏர் கிளீனர் மூடியைக் கழட்டிட்டு, இஞ்சின் அணைஞ்ச நிலையில டார்ச் அடிச்சு கார்புரேட்டர் தொண்டைக்குள்ள பாருங்க. ஆக்சிலேட்டர் வயரைக் கையால ஒரு இழு. மெல்லிசா ஒரு பெட்ரோல் பீச்சல் விழணும். விழுந்தா ஃப்ளோட் சேம்பர்ல பெட்ரோல் இருக்கு, விழலைன்னா காலி. 800 கார்புரேட்டர்ல ஃப்ளோட் சேம்பர் பக்கவாட்டுல ஒரு சின்னக் கண்ணாடி ஜன்னலும் இருக்கு. நடுவுல உள்ள குறி வரைக்கும் பெட்ரோல் மட்டம் நிக்கணும். அழுக்கு ஏறிப் பல வண்டியில அது கண்ணுக்கே தெரியாது, துடைச்சுட்டுப் பாருங்க.

வண்டி அணைஞ்ச உடனே இந்த ஜன்னலைப் பார்த்துச் சொல்லுங்க தம்பி. காலியா இருக்கும்னு பந்தயம் கட்டறேன்.

சேம்பர் காலியா இருக்கறதுக்கு, அதுக்குள்ள பெட்ரோலைத் திறந்து மூடற ஊசியான நீடில் வால்வ் ஒட்டிக்கிட்டதும் காரணமா இருக்கலாம்னு யாராவது கேப்பீங்க. கேக்கலாம், தப்பில்லை. மாசக்கணக்குல ஓட்டாம நிறுத்தின வண்டியில பெட்ரோல் காஞ்சு பிசினாகி ஊசி மேலேயே ஒட்டிக்கும். என் ஆம்னியில ஆகியிருக்கு. ஸ்க்ரூடிரைவர் பிடியால ஃப்ளோட் சேம்பர் மேல ரெண்டு தட்டு தட்டினதும் விழுந்துச்சு. ஆனா அது சேலத்துலயும் ஒட்டும், ஏற்காட்டுலயும் ஒட்டும். மேட்டுல மட்டும் ஒட்டற நீடில் வால்வை நான் பார்த்ததில்லை.

12 நவம்பர்

இ20 பத்தி. இதுல கொஞ்சம் நிதானமா பேசணும், ஏன்னா இப்ப எது கெட்டாலும் இ20ன்னு சொல்றது வசதியாயிடுச்சு.

எத்தனால் 10 சதம்ங்கிற இலக்கை நாடு 2022 ஜூன்ல எட்டுச்சு, இப்ப பங்க்ல போடறது 20 சதம். 1997 வண்டியோட ரப்பரும் பம்புக்குள்ள இருக்கற டயஃப்ரம் சவ்வும் அதை நினைச்சுச் செஞ்சதில்லை. பழைய ரப்பர் ஹோஸ் எத்தனால்ல ஊறி உப்பும், காஞ்சா கெட்டியாகி வெடிக்கும். டேங்கு சுவர்ல வருஷக்கணக்கா ஒட்டியிருந்த கசடு இளகி ஃபில்டருக்கு வந்து சேரும். இதெல்லாம் நிஜம்.

இன்னொன்னும் நிஜம். எத்தனால் ஆவியாகறதுக்கு பெட்ரோலைவிட நிறைய சூடு கேக்கும். குளிர்ல ஸ்டார்ட்டிங் கொஞ்சம் கஷ்டமாகும். கலவையும் மெலிஞ்சு போகும், ஏன்னா எத்தனாலை எரிக்கக் காத்து கம்மியா போதும், கார்புரேட்டருக்கு அது தெரியாது, பழைய அளவுலயே காத்தைக் கலக்கும். கணக்குப் போட்டா சுமார் 8 சதம் மெலிவு.

ஆனா ஏற்காட்டுல ஒரு வேடிக்கை நடக்குது. அங்க காத்து அடர்த்தி கடல் மட்டத்துல இருக்கறதுல 86 சதம்தான். காத்து மெலிஞ்சா கார்புரேட்டர் கலவை கெட்டியாகும், அதுவும் சுமார் 8 சதம். ரெண்டும் எதிர் எதிர். ஆக, இ20 போட்ட பழைய 800க்கு கலவை விஷயத்துல சேலத்தைவிட ஏற்காடுதான் ஒத்துக்கணும்! இ20யால கலவை மெலிஞ்சதுதான் காரணம்னா தம்பி வண்டி கீழ படுத்துக்கிட்டு மேல ஓடணும். நடக்கறது நேர் தலைகீழ்.

இ20 மறைமுகமா ஒரு ஹோஸைக் கெடுத்திருக்கலாம். அதை மறுக்கலை.

12 நவம்பர், கொஞ்ச நேரம் கழிச்சு

பெட்ரோல்ல தண்ணி கலந்திருக்குமோன்னு சந்தேகம்னா சோதனை சுலபம். டேங்கு அடியில இருந்து கொஞ்சம் இறக்கி கண்ணாடி பாட்டில்ல ஊத்தி ஓரமா வைங்க. சுத்தமான பெட்ரோல் ஒரே நிறமா நிக்கும். தண்ணி அளவுக்கு மீறிச் சேர்ந்திருந்தா எத்தனாலையும் இழுத்துக்கிட்டு அடியில தனி அடுக்கா பிரிஞ்சு நிக்கும். மலையில மழை மாசத்துல கால் டேங்கோட நிறுத்தறவங்க இதை ஒரு தடவை பார்த்து வைக்கறது நல்லது. இந்தக் கேஸ்ல அது இல்லை, தண்ணின்னா சேலத்துலயும் மிஸ்ஸிங் இருக்கும்.

13 நவம்பர்

வாயால உறிஞ்சி பெட்ரோல் எடுக்கற வீடியோ போட்டவர் அதை எடுத்துடுங்க. நுரையீரலுக்குள்ள ஒரு மடக்கு போனா ஆஸ்பத்திரிதான். கை பம்ப் கடையில கிடைக்குது.

கார்புரேட்டர் வாயில பெட்ரோல் ஊத்திட்டு செல்ஃப் அடிக்கறதும் அதே ரகம். பேக்ஃபயர் ஆகி தீ வெளியே திரும்பி வந்துச்சுன்னா புருவம் போயிடும். சந்தேகம் தீர்க்கணும்னா சிரிஞ்சுல கொஞ்சம் விட்டு, ஏர் கிளீனரை மாட்டிட்டு, ஆள் தள்ளி நின்னு அப்புறம் சாவி போடணும். நம்ம தம்பி வண்டிக்கு அது தேவையே இல்லை, அந்த அரை நிமிஷ ஓட்டமே அந்தச் சோதனை. ஹோஸ் கழட்டறதுக்கு முன்னாடி பேட்டரி நெகட்டிவைக் கழட்டுங்க. பீடி தூரமா இருக்கட்டும்.

14 நவம்பர், வெள்ளி

நாளைக்கு மேல போறார். என்ன பண்ணணும்னு கேட்டார்.

இப்ப ரெண்டு சந்தேகம் மிச்சம். ஒன்னு, கால் டேங்கு பெட்ரோல் ஏத்தத்துல பின்பக்கமா ஓடிப் போய், டேங்குக்குள்ள இருக்கற உறிஞ்சு குழாயோட வாய் காத்துல தொங்கறது. ரெண்டு, டேங்குல இருந்து பம்புக்கு வர்ற வழியில எங்கேயோ ஒரு விரிசல் காத்தை உள்ளே விடுது. அந்தக் காத்து ராத்திரியில பைப்புல நிக்கற பெட்ரோலை டேங்குக்கே திருப்பி அனுப்பிடுது. ஓட்டை விழுந்த ஸ்ட்ராவுல இளநீர் குடிச்சவங்களுக்குத் தெரியும்.

ரெண்டையும் பிரிக்கப் பத்துப் பைசா செலவில்லை. சேலத்துலயே டேங்கை நிரப்பிட்டுப் போங்க. எப்பவும் நிறுத்தற மாதிரி மூக்கு மேட்டைப் பார்த்தே நிறுத்துங்க. காலையில நல்லா ஓடினா முதல் சந்தேகம், கதை முடிஞ்சது, இனிமே அரை டேங்குக்குக் குறையாம வச்சுக்குங்க. முழு டேங்கோடயும் அணைஞ்சா விரிசல்தான். அடுத்து மூக்கைப் பள்ளத்தைப் பார்த்துத் திருப்பி நிறுத்திப் பாருங்க. ரிவர்ஸ் கியர், ஹேண்ட் பிரேக், சக்கரத்துக்குக் கல்லு.

இது ஏன் மேட்டுல மட்டும் தெரியுதுன்னு நிறைய பேர் கேட்டீங்க. 800ல பம்ப் முன்னாடி, டேங்கு பின்னாடி. ரெண்டு சக்கரத்துக்கும் நடுவுல 2175 மில்லிமீட்டர். அஞ்சடிக்கு ஒரு அடி ஏறுற பாதையில நிறுத்தினா சமதரையைவிட பம்ப் இன்னும் நாப்பது சென்டிமீட்டருக்கு மேல உயரத்துக்குப் போயிடும். அத்தனை உயரம் பெட்ரோல் கூடுதலா ஏறணும், ஏத்தறதுக்கு வெளியில இருக்கற காத்தழுத்தமும் அங்க கம்மி. சமதரையில விரிசல் இருந்தாலும் பம்ப் எப்படியோ சமாளிச்சு இழுத்துடும். அந்த அரை நிமிஷத்துக்குள்ள பெட்ரோல் வந்து சேர்ந்துடறதால சேலத்துல உங்களுக்கு எதுவும் தெரியாது.

14 நவம்பர், ராத்திரி

மேல எழுதினதுல ஒன்னு சேர்க்கணும். முழு டேங்கோட மூக்கைத் தாழ்த்தி நிறுத்தும்போது நீடில் வால்வ் சரியா மூடாத வண்டியா இருந்தா பெட்ரோல் தானா கீழ ஓடி கார்புரேட்டர் வழியா வழியும். நிறுத்தி பத்து நிமிஷம் கழிச்சு பானட்டைத் திறந்து மோந்து பாருங்க. நாத்தம் இருந்தா அந்தச் சோதனை வேண்டாம்.

16 நவம்பர், ஞாயிறு

முழு டேங்கு, மூக்கு மேல. காலையில அரை நிமிஷம் ஓடி அணைஞ்சுடுச்சாம். கண்ணாடி ஜன்னல் காலியாம். பந்தயத்துக்கு யாரும் பணம் கட்டலை, சரி.

அடுத்தது இன்னும் அருமை. தோட்டத்து ஆளுங்க நாலு பேர் சேர்ந்து வண்டியைத் தள்ளித் திருப்பி மூக்கைப் பள்ளத்துக்கு விட்டிருக்காங்க. கொஞ்ச நேரம் செல்ஃப் அடிச்சதும் பிடிச்சிருக்கு. அப்புறம் அணையவே இல்லை. பகல் முழுக்க அப்படியே நிறுத்தி சாயங்காலம் சாவி போட்டா முதல் அடியிலயே ஓட்டம். ஒரு ஸ்பேனரைக்கூட எடுக்காம இவ்வளவு தூரம் வந்துட்டோம்.

வாரத்துல சேலத்துல ஒரு வேலை பண்ணுங்க. பம்புக்கு உள்ளே வர்ற ஹோஸுக்குப் பதிலா ஒரு முழம் ஒளி ஊடுருவற பிளாஸ்டிக் டியூப் மாட்டி, ஓடவிட்டுப் பாருங்க. பெட்ரோலோட விடாம குமிழ் வந்துக்கிட்டே இருந்தா பின்னாடி காத்து ஏறுது. ஆரம்பத்துல நாலு குமிழ் வர்றது சகஜம். பார்த்ததும் கழட்டிடுங்க, அந்த டியூப் பெட்ரோலுக்குத் தாங்காது. ஃபில்டர் பாதிதான் நிரம்பியிருக்குன்னு பயந்து யாரும் ஃபோட்டோ போடாதீங்க, பாதி நிரம்பின ஃபில்டரோட வருஷக்கணக்கா ஓடற வண்டி எத்தனையோ இருக்கு.

குமிழ் வந்தா அடுத்த சோதனை. பம்ப் உள்வாய்ல புது ஹோஸ் மாட்டி, மறு முனையை பெட்ரோல் இருக்கற கேன்ல விட்டு ஓட்டறது. பங்க்ல பாட்டில்ல தர மாட்டாங்க, உங்க டேங்குல இருந்தே கை பம்ப் வச்சு எடுத்துக்குங்க. கேன்ல இருந்து குமிழ் இல்லாம ஓடினா பம்ப் மேல எந்தக் குத்தமும் இல்லை.

17 நவம்பர்

"இவ்வளவு மண்டை உடைக்கறதுக்கு எலக்ட்ரிக் பம்ப் ஒன்னு டேங்குக்கிட்ட மாட்டினா தீர்ந்துச்சு." மூணு பேர் இதையே சொல்லிட்டாங்க.

தீரும். அதுதான் பயமா இருக்கு. டேங்குக்கிட்ட பம்ப் வச்சா இதுவரைக்கும் உறிஞ்சற பக்கமா இருந்த பைப் தள்ளற பக்கமாயிடும். இன்னைக்கு காத்தை உள்ளே விடற விரிசல் நாளைக்கு பெட்ரோலை வெளியே விடும். அது எங்க சொட்டும்? வண்டிக்கு அடியில, சைலன்சர் பைப் போற வழியில. வண்டி ஓடுதேன்னு நீங்களும் சந்தோஷமா இருப்பீங்க. இன்னொன்னு, கார்புரேட்டருக்கு கிலோவுல கால், மிஞ்சினா மூணுல ஒரு பங்கு அழுத்தம் போதும். கார்புரேட்டர் இல்லாம இஞ்செக்டர் வழியா பெட்ரோல் பீச்சற எம்.பி.எஃப்.ஐ. வண்டி பம்ப் தர்றது மூணு கிலோவுக்குப் பக்கம். கடையில கிடைச்சதை வாங்கி மாட்டினா நீடில் வால்வைத் தள்ளிக்கிட்டு ஊத்தும்.

18 நவம்பர்

நடுவுல மாருதி ஜென் கார் வச்சிருக்கற ஒருத்தர் நுழைஞ்சுட்டார், எம்.பி.எஃப்.ஐ., காலையில கிளம்பலை, இதே சோதனை பண்ணலாமான்னு. கூடாதுங்க. அதுல பம்ப் டேங்குக்குள்ள இருக்கு, லைன்ல அழுத்தம் அதிகம், ஹோஸைச் சும்மா கழட்டினா முகத்துல பீச்சும். சாவியை ஆன் பண்ணி செல்ஃப் அடிக்காம காதைத் தீட்டுங்க. பின் சீட்டுக்கு அடியில ரெண்டு மூணு செகண்ட் "உய்ய்ய்"ன்னு கேக்கணும். கேக்கலைன்னா ஃபியூஸ், ரிலே, எர்த் வயர், அந்த வரிசையில. டேங்கு அடியில உள்ளங்கையால தட்டினா ஒரு தடவை கிளம்பும், வீடு போய்ச் சேர அது போதும், ஆனா பம்ப் கடைசிக் கட்டத்துல இருக்குன்னு அர்த்தம். ரிசர்வ்லயே ஓட்டற பழக்கம் இருந்தா விடுங்க, அந்த பம்பைக் குளிர வைக்கறதே சுத்தி நிக்கற பெட்ரோல்தான்.

கேஸ் கிட் போட்ட பழைய ஆம்னி வச்சிருக்கறவங்க: பெட்ரோல் லைன்ல ஒரு கட் ஆஃப் வால்வ் உட்கார்ந்திருக்கும். அதுக்கு கரண்ட் வரலைன்னா பெட்ரோல் தாண்டாது. கிட்டைக் கழட்டி வித்தவங்க பலபேர் இந்த வால்வை மறந்துடறாங்க.

சூரமங்கலத்துல இருந்து ஒருத்தர் எழுதினது எல்லாத்தையும் தூக்கிச் சாப்பிட்டுடுச்சு. பம்ப், ஃபில்டர் ரெண்டும் மாத்தினதுக்கு அப்புறம்தான் தெரிஞ்சதாம், பெட்ரோல் முள் அரை டேங்குல செத்துப் போய் நின்னுருக்கு. டேங்கு காலி. சிரிக்காதீங்க, இந்த இழையில முதல் கேள்வியே அதுவாத்தான் இருந்திருக்கணும்.

20 நவம்பர்

குமிழ் வருதாம். நிக்காம வருதாம். கேன்ல இருந்து ஓட்டினா ஒரு குமிழ்கூட இல்லையாம். புது பம்பும் நல்லா இருக்கு. பழைய பம்பும் நல்லாத்தான் இருந்திருக்கும்.

இப்ப வண்டியை ரேம்ப்ல ஏத்தணும். குரங்குச்சாவடி பக்கம் வாட்டர் சர்வீஸ் கடையில கேட்டா கால் மணி நேரம் தருவாங்க. பின்னாடி டேங்குல இருந்தே தொடங்குங்க. இரும்பு பைப் இருக்கற இடத்தை விடுங்க, ரப்பர் வர்ற ஒவ்வொரு இணைப்பையும் விரலால மடக்கிப் பாருங்க. நேரா இருக்கும்போது விரிசல் வாய் மூடியிருக்கும், மடக்கினாத்தான் தெரியும். ஈரமா இருக்கும்னு எதிர்பார்க்காதீங்க. டேங்கு மேல்மட்டத்துல உள்ள இணைப்பு சொட்டாது, உள்ளே மட்டும் இழுக்கும். அதனாலதான் யார் கண்ணுலயும் படறதில்லை.

21 நவம்பர்

படம் அனுப்பியிருக்கார். டேங்குல இருந்து இரும்பு பைப்புக்கு வர்ற சின்ன ரப்பர் துண்டு, கை விரல் நீளம்தான் இருக்கும். மடக்கினா மேல் பக்கத்துல வரிவரியா வெடிப்பு, ஒன்னு ஆழம். கிளிப் இருக்க வேண்டிய இடத்துல கட்டுக்கம்பி சுத்தி முறுக்கியிருக்கு. அந்தக் கம்பியே ரப்பரை அறுத்திருக்கு. எந்தக் காலத்துல யார் பண்ணின வேலையோ, மாமாவுக்கும் நினைவில்லையாம். கம்பியும் எத்தனாலும் வயசும் சேர்ந்து செஞ்சது. இதுல எதுக்கு எவ்வளவு பங்குன்னு இ20 கட்சிக்காரங்களும் எதிர்க் கட்சிக்காரங்களும் தனியா அடிச்சுக்குங்க, எனக்கு ஆர்வமில்லை.

23 நவம்பர், ஞாயிறு

அந்த ரப்பர் துண்டை மாத்தியாச்சு. மூக்கு மேல, ராத்திரி முழுக்க மழை. காலையில சாவி போட்டதும் ஓட்டம், அணையலை. சோக்கைத் தள்ளிட்டு ஒண்டிக்கடை வரைக்கும் போய் பேப்பர் வாங்கிட்டு வந்தாராம்.

24 நவம்பர்

எந்த ஹோஸ்னு நிறைய பேர் கேக்கறீங்க. மேல எழுத்து ஓடுற ஹோஸா பாருங்க. எஸ்.ஏ.இ. ஜே30 ஆர்7ன்னு இருந்தா கார்புரேட்டர் வண்டிக்குப் போதும். ஆர்9 எத்தனாலுக்கு இன்னும் தாங்கும், விலை கொஞ்சம் கூட, நான் அதைத்தான் போடுவேன். எழுத்தே இல்லாத கறுப்பு டியூபை கடைக்காரர் "இதும் அதே தான் சார்"னு நீட்டினா வேண்டாம்னு சொல்லுங்க. ஒரு துண்டை மட்டும் மாத்தாதீங்க. அதே வயசுல இன்னும் நாலஞ்சு துண்டு அடியில இருக்கு, ரிட்டர்ன் லைன்ல உள்ளதையும் சேர்த்து மாத்துங்க. பம்புல மூணு வாய் இருக்கு: உள்ளே வர்றது, வெளியே போறது, ரிட்டர்ன். கழட்டறதுக்கு முன்னாடி செல்போன்ல படம் பிடிச்சுக்குங்க, மாத்தி மாட்டிட்டு இங்க வந்து புது கேள்வி போடாதீங்க. கிளிப்பை அளவா இறுக்குங்க, ரப்பர் பிதுங்கற அளவுக்கு வேண்டாம்.

தம்பி, அந்தப் பழைய பம்ப் இன்னும் மெக்கானிக்கிட்ட இருந்தா கேட்டு வாங்கிடுங்க. அடியில உள்ள சின்ன ஓட்டையில பெட்ரோல் கசிஞ்ச கறை இருக்கான்னு மட்டும் பாருங்க. இருந்தா டயஃப்ரம் கிழிஞ்சிருக்கு, வேண்டாம். புது பம்ப் போடறதுக்கு முன்னாடி இஞ்சின் ஆயில் மட்டம் கூடியிருந்து பெட்ரோல் நாறியிருந்தாலும் அதே கதைதான். ரெண்டும் இல்லைன்னா நல்ல பம்ப், ஒரு கேஸ்கெட்டோட துணியில சுத்தி டிக்கியில போட்டு வைங்க.